விண்தூசியின் விளங்காத நுண்ணலை: நான்கு வழிகளில் எதைத் தேர்வது?

எங்கள் துறையில் எம்.எஸ்சி. இயற்பியல் இறுதியாண்டு மாணவர்கள் சிலர் புராஜெக்ட்டுக்கு ஒரே தலைப்பைக் கேட்டு வந்திருக்கிறார்கள். விண்மீன்களுக்கு இடையே மிதக்கும் தூசி மேகங்களிலிருந்து வரும் நுண்ணலைக் கதிர். கண்டுபிடித்து முப்பது ஆண்டு ஆகப்போகிறது. எந்தப் பொருள் அதை உமிழ்கிறது என்று இன்னும் அறுதியிட்டுச் சொல்ல முடியவில்லை. தலைப்பு எல்லாருக்கும் பிடித்திருக்கிறது. எப்படிச் செய்வது என்பதில்தான் ஆளுக்கொரு யோசனை. ஏற்காட்டில் டிஷ் வைத்து நாமே பிடித்துவிடலாம் என்கிறார் ஒருவர். கெமிஸ்ட்ரி லேபில் அந்தத் தூசிக்கு உறவான மூலக்கூறுகளை அளந்து பார்க்கலாம் என்கிறார் இன்னொருவர். கணினியில் கோட்பாட்டு நிறமாலை வரையலாம் என்று ஒரு யோசனை. பெரிய கருவிகள் எடுத்துப் பொதுவில் வைத்திருக்கும் வான் வரைபடங்களைப் பிரித்துப் பார்க்கலாம் என்று நான்காவது.

சேலத்தில் இருந்துகொண்டு நான்கையும் செய்ய முடியும். ஆனால் நான்கும் ஒரே கேள்விக்குப் பதில் தருவதில்லை. கையில் இருப்பது ஒரு செமஸ்டர், ஒரு லேப்டாப், துறையில் உள்ள கொஞ்சம் கருவிகள். இவ்வளவை வைத்து எதில் இறங்கினால் அந்தத் தூசியைப் பற்றி உண்மையிலேயே ஏதாவது தெரியவரும்? இதை வைத்துத்தான் எடை போடுகிறேன். நாமக்கல், தர்மபுரி பக்கத்துக் கல்லூரிகளிலும் இதே முடிவை எடுக்க வேண்டியவர்கள் இருப்பார்கள் என்பதால் கணக்குகளையும் சேர்த்தே எழுதுகிறேன்.

முன்கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1989-இல் ஏவப்பட்ட கோப் செயற்கைக்கோள், பெருவெடிப்பின் மிச்சமான 2.7 கெல்வின் பின்னணிக் கதிரை அளக்கப் போனது. அதன் வரைபடங்களை அகச்சிவப்புத் தூசி வரைபடத்தோடு ஒப்பிட்ட ஆலன் கோகட்டும் உடன் வேலை செய்தவர்களும் 1996-இல் ஒன்றைக் கவனித்தார்கள். தூசி அடர்ந்த இடங்களில் நுண்ணலையும் கூடியிருந்தது. அதிலும் 53 ஜிகாஹெர்ட்ஸைவிட 31.5-இல் அதிகமாக இருந்தது. இருபது கெல்வின் அளவில் இருக்கும் தூசி தன் வெப்பத்தால் விடும் கதிர், அதிர்வெண் குறைந்தால் சரிய வேண்டுமே தவிர ஏறக் கூடாது. மறு ஆண்டே கலிபோர்னியாவின் ஓவன்ஸ் வேலி வானொலி ஆய்வகத்தில் எரிக் லீச் குழு, வான வடதுருவத்தின் பக்கம் 14.5, 32 ஜிகாஹெர்ட்ஸில் பார்த்து இதே மிகையைக் கண்டது.

முதல் சந்தேகம் ஃப்ரீ-ஃப்ரீ கதிர்மேல் விழுந்தது. அயனியான வாயுவில் எலெக்ட்ரான்கள் புரோட்டான்களின் அருகே போய்த் திசை மாறும்போது விடும் கதிர் அது. அப்படியானால் அதே வாயு ஹைட்ரஜன் ஆல்ஃபா என்கிற சிவப்பு ஒளியையும் விட்டிருக்க வேண்டும். அந்த ஒளி போதிய அளவில் இல்லை. வாயு பத்து லட்சம் கெல்வினுக்கு மேல் சூடாக இருந்தால் சிவப்பு ஒளி மறையும் என்று ஒரு சமாதானம் சொல்லப்பட்டது. அத்தனை வாயுவை அவ்வளவு சூட்டில் வைத்திருக்க வேண்டிய ஆற்றல் எங்கிருந்தும் வர வழியில்லை என்று புரூஸ் டிரெய்னும் அலெக்ஸ் லசாரியனும் 1998-இல் கணக்கிட்டுக் காட்டினார்கள். பதிலுக்கு அவர்கள் வைத்த விளக்கம்: தூசித் துகள் சுழல்கிறது. மின்னூட்டம் ஒரு பக்கம் சற்று சாய்ந்திருக்கும் துகள் பம்பரம் போலச் சுழன்றால், அது சுழலும் வேகத்திலேயே வானொலி அலை விடும். 30 ஜிகாஹெர்ட்ஸில் கதிர் வருகிறது என்றால் துகள் ஒரு நொடிக்கு 3,000 கோடி முறை சுழல்கிறது என்று பொருள். பெரிய துகளால் இந்த வேகத்தில் சுழல முடியாது. ஒரு நானோமீட்டர் அளவில், சில பத்துகளிலிருந்து சில நூறு அணுக்கள் கொண்டதாக இருக்க வேண்டும். சுழலும் தூசி வானொலி அலை விடும் என்ற எண்ணத்தை வில்லியம் எரிக்சன் 1957-லேயே எழுதிவிட்டார். அளந்து பார்க்கும் கருவி வர நாற்பது ஆண்டு ஆனது.

சுழற்சிதான் காரணம் என்பதில் இன்று பெரும்பாலோருக்குச் சந்தேகம் இல்லை. சுழல்வது எது என்பதில்தான் சிக்கல். நான்கு வழிகளையும் இந்தக் கேள்விக்கு எதிரே நிறுத்திப் பார்ப்போம்.

ஏற்காட்டில் டிஷ்

மாணவர்களுக்கு அதிகம் ஆசை இருப்பது இதில்தான். அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே பார்க்கிறேன்.

யோசனை எளிமையானது. வீட்டு டி.டி.எச். டிஷ்ஷின் முன்னால் நிற்கும் ஏற்பியான எல்.என்.பி. 10.7-இலிருந்து 12.75 ஜிகாஹெர்ட்ஸ் வரை பிடிக்கும். தூசியின் மிகை 10-இலிருந்து 60 வரை பரந்திருக்கிறது. ஆக அதன் கீழ் விளிம்பு நம் டிஷ்ஷுக்குள் வருகிறது. ஏற்காடு 1,500 மீட்டர் உயரம், சேர்வராயன் கோயில் 1,600-க்கும் மேல்; சேலத்துப் புழுக்கமும் நீராவியும் அங்கே குறைவு.

இனி கணக்கு. 60 செ.மீ. டிஷ்ஷின் பார்வை அகலம் சுமார் 2.6 பாகை. வானொலியில் சிக்னலின் வலிமையைக் கெல்வினில்தான் சொல்வார்கள்; சூரியனைக் காட்டினால் நூற்றுக்கணக்கான கெல்வின் ஏறும். நிலாவின் பரப்பு இருநூறு கெல்வின் சொச்சம் என்றாலும், அரைப் பாகை வட்டமாக 2.6 பாகைக்குள் கரைந்துவிடுவதால் 8 கெல்வின் அளவே மிஞ்சும். தூசி மேகத்துக்குக் கிடைப்பது மில்லிகெல்வின் கணக்கில்தான். இந்த மிகை மிகப் பிரகாசமாகத் தெரியும் இடங்களில் ஒன்றான பெர்சியஸ் மேகத்துக்கும் அதே கதிதான்.

கருவியின் இரைச்சல் 100 கெல்வின் என்று வைத்துக்கொள்வோம். 1 ஜிகாஹெர்ட்ஸ் பட்டையை ஒரு நொடி கூட்டிச் சராசரி எடுத்தால், பாடப் புத்தகச் சூத்திரப்படி பிழை 3 மில்லிகெல்வின்தான். நூறு நொடிக்கு 0.3. இந்த வரியைப் பார்த்துத்தான் மாணவர்களுக்கு நம்பிக்கை வருகிறது. அந்தச் சூத்திரம் பெருக்கியின் பெருக்கம் அசையாமல் நிற்கும் என்று எடுத்துக்கொள்கிறது. வெறும் 0.01 டெசிபெல் அசைந்தால் 100 கெல்வினில் 0.23 கெல்வின், அதாவது 230 மில்லிகெல்வின் போலியாக ஏறி இறங்கும். எல்.என்.பி.யின் உலோகக் கூடு காற்றில் சற்றுக் குளிர்ந்தாலே அவ்வளவு அசையும். தேடும் பொருளைவிட அந்த அசைவு நூறு மடங்கு பெரியது.

ஏற்காட்டு மொட்டை மாடி ஒன்றில் மாணவர்களோடு இதைப் போட்டுப் பார்த்திருக்கிறோம். ஸ்டாண்டில் டிஷ், எல்.என்.பி.க்குத் தனி பவர் சப்ளை, கேபிள் முனையில் சிக்னலை எண்களாக்கி லேப்டாப்புக்குத் தரும் ஒரு எஸ்.டி.ஆர். டாங்கிள், லேப்டாப் திரையில் ஊரும் கோடு. நிலாவைத் தாண்டும்போது கோட்டில் மேடு தெளிவாகவே விழுந்தது. பிறகு ஏரிப் பக்கமிருந்து மூட்டம் ஏறி வந்தது. எல்.என்.பி.யின் வெள்ளை மூடியில் பொடிப் பொடியாக நீர் படியப் படியக் கோடு மேலேறிக்கொண்டே போய், நிலாவின் மேட்டைத் தாண்டி நின்றது. ஒரு மாணவி துணியால் மூடியைத் துடைத்தாள். கோடு பாதி இறங்கியது.

"சார், தூசி வளையம் இருக்கிற மிருகசீரிடத்துப் பக்கம் திருப்பினா எவ்வளவு வருங்க?"

"மில்லிகெல்வின் கணக்கும்மா."

"இந்தத் தண்ணியே அத்தனை கெல்வின் காட்டுதுங்களே!"

அவள் சொன்னதுதான் விஷயம். மூடியைத் துடைத்தாலும் மூட்டம் வானில் இருக்கிறது. மெல்லிய மேகம் ஒன்றே இந்த அதிர்வெண்ணில் அரைக் கெல்வின் அளவுக்கு ஏற்றிவிடும். இதற்கு மேல் இன்னொரு தொல்லை: டி.டி.எச். செயற்கைக்கோள்கள் இதே பட்டையில்தான் பேசுகின்றன. சேலத்திலிருந்து பார்க்கும்போது அவற்றின் வரிசை வான நடுக்கோட்டை ஒட்டி ஓடுகிறது, ஓரியன் இடுப்பின் மூன்று விண்மீன்களுக்கு வெகு அருகே. மிருகசீரிடம் அங்கிருந்து 12 பாகைதான் தள்ளி.

கேனரித் தீவுகளில் டெனெரிஃபேயின் டெய்டே ஆய்வகம் 2,400 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. குயோட்டே தொலைநோக்கி அங்கே 11, 13, 17, 19 ஜிகாஹெர்ட்ஸில் இதே வேலையைச் செய்தது. கடுங்குளிரில் வைத்த ஏற்பிகள், ஒரே உயரக் கோணத்தில் விடாமல் சுழன்று வானைத் திரும்பத் திரும்ப வருடும் முறை, ஆண்டுக்கணக்கான அவதானிப்பு, அதற்குப் பிறகும் செயற்கைக்கோள் வரிசை விழும் பட்டையை மறைத்துவிடுதல். இத்தனைக்குப் பிறகுதான் அவர்களுக்கு மேகம் தெரிந்தது. ஆகவே ஏற்காட்டு டிஷ்ஷை இந்தத் தலைப்புக்கு நான் ஏற்கவில்லை. ரேடியோமீட்டர் கற்றுக்கொள்ள அதைவிட நல்ல கருவி இல்லை. ஹைட்ரஜனின் 21 செ.மீ. கோட்டுக்குப் பால்வழியில் பத்துக்கணக்கான கெல்வின் கிடைக்கிறது. மலைமேல் தகரத்தில் ஹார்ன் ஆன்டெனா செய்து அதைப் பிடிக்கிறேன் என்று யாராவது வந்தால் சந்தோஷமாக அனுப்புவேன்.

கெமிஸ்ட்ரி லேப்

சுழலும் துகளுக்கு முதல் வேட்பாளர் பி.ஏ.எச். என்கிற பாலிசைக்ளிக் அரோமேட்டிக் ஹைட்ரோகார்பன். பென்சீன் வளையங்கள் ஒட்டிக் கிடக்கும் தட்டையான மூலக்கூறுகள். பீரோவில் போடும் நாப்தலீன் உருண்டை இந்தக் குடும்பத்தின் கடைக்குட்டி. பொட்டாசியம் புரோமைடோடு அரைத்து வில்லையாக்கி, அகச்சிவப்பு நிறமாலையை அளக்கும் எஃப்.டி.ஐ.ஆர். கருவியில் வைத்தால் 3050, 780 என்ற அலை எண்களுக்கு அருகே பள்ளங்கள் விழும். அலைநீளமாக மாற்றினால் 3.3, 12.8 மைக்ரோமீட்டர். விண்மீனிடைத் தூசியின் அகச்சிவப்பு நிறமாலையில் 3.3, 6.2, 7.7, 8.6, 11.3, 12.7 என்று வரிசையாக நிற்கும் மேடுகளுக்கு இவை நெருங்கிய சொந்தம். ஒரு பிற்பகலில் முடிந்துவிடும் வேலை. மாணவர்களுக்கு அந்தத் தருணம் பெரிதாகத்தான் இருக்கும், இருக்கவும் வேண்டும்.

ஆனால் இது அதிர்வை அளக்கிறது, சுழற்சியை அளக்கவில்லை. நாப்தலீன் சமச்சீரானது, அதன் மின்னூட்டம் எந்தப் பக்கமும் சாய்ந்திருக்கவில்லை. ஆகவே எவ்வளவு வேகமாகச் சுழன்றாலும் அது வானொலி அலை விடாது. ஒரு ஹைட்ரஜனை எடுத்துவிட்டு சயனைடு தொகுதியை வைத்தால் சாய்வு வந்துவிடும். ரிஷபத்தில் உள்ள டி.எம்.சி.-1 என்ற குளிர்ந்த மேகத்தில் 2021-இல் கிரீன் பேங்க் தொலைநோக்கியால் அப்படிக் கண்டுபிடித்தது சயனோநாப்தலீனைத்தான். விண்வெளியில் தனி ஒரு பி.ஏ.எச். மூலக்கூறு பெயரோடு பிடிபட்டது அதுவே முதல் முறை. அந்தக் கோடுகள் வேறு, நம் மிகை வேறு; மிகை என்பது எண்ணற்ற வகைத் துகள்கள் சேர்ந்து தரும் அகலமான மேடு. அதனால் இந்த லேப் வேலை நல்ல முதல் அத்தியாயம் ஆகும். தனி புராஜெக்ட்டாக நின்றால் கேள்வியைத் தொடாமலே முடிந்துவிடும்.

கோட்பாட்டுக் கணிப்பு

யாசின் அலி-ஹைமூத், ஹிராட்டா, டிக்கின்சன் மூவரும் 2009-இல் எழுதி வெளியிட்ட எஸ்பிடஸ்ட் நிரல் இலவசமாகக் கிடைக்கிறது. வாயுவின் அடர்த்தி, வெப்பம், விண்மீன் ஒளியின் வலிமை, துகளின் அளவு, மின்சாய்வு ஆகியவற்றைக் கொடுத்தால் சுழல் தூசியின் நிறமாலையை வரைந்து தரும். ஐ.டி.எல். மொழியில் இருப்பதால் முன்பு உரிமச் செலவு இடித்தது. இப்போது பைத்தானில் ஸ்பைடஸ்ட் வந்துவிட்டது. நல்ல கருவிதான். ஆனால் இத்தனை அளபுருக்களைத் திருகினால் எந்த மேட்டுக்கும் ஏதோ ஒரு பொருத்தம் கிடைக்கும். அளந்த எண் பக்கத்தில் இல்லாமல் இதை மட்டும் செய்தால், நிரல் ஏற்கெனவே அறிந்ததையே நாம் திரும்ப அச்சடிப்போம். கடைசி அத்தியாயத்துக்கு வைத்துக்கொள்ளலாம்.

பொது வரைபடங்கள்

என் தேர்வு இதுதான். ஏன் என்று சொல்கிறேன்.

பின்னணிக் கதிரை அளக்கப் போன டபிள்யூமேப் விண்கலம் 23-இலிருந்து 94 ஜிகாஹெர்ட்ஸ் வரை ஐந்து பட்டைகளில் முழு வானையும் வரைந்தது. அதே வேலைக்கு 2009 மே 14-இல் ஏவிய பிளாங்க் விண்கலம் 30-இலிருந்து 857 வரை ஒன்பது பட்டைகளில். இரண்டும் யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளலாம். ஆனால் மிகையின் உச்சி பெரும்பாலும் 30 ஜிகாஹெர்ட்ஸ் பக்கம். இவை பார்ப்பது உச்சியையும் இறங்கும் சரிவையும்தான். ஏறும் சரிவு 10-இலிருந்து 20-க்குள் ஒளிந்திருக்கிறது. அது தெரியாவிட்டால் ஃப்ரீ-ஃப்ரீ கதிரையும் சுழல் தூசியையும் நம்பிப் பிரிக்க முடியாது. 2023 ஜனவரியில் குயோட்டே தன் நான்கு பட்டைகளின் வரைபடங்களை வெளியிட்ட பிறகுதான் அந்த இடைவெளி எம்.எஸ்சி. மாணவருக்கும் அடைபட்டது. பத்தாண்டுக்கு முன் இதே தலைப்பைக் கேட்டிருந்தால் வேண்டாம் என்றிருப்பேன்.

வேலை இப்படிப் போகும். எல்லா வரைபடங்களையும் ஒரே 1 பாகைக் கூர்மைக்கு மங்கலாக்கிக்கொள்ள வேண்டும். மேகத்தின் மேல் ஒரு வட்டம் வைத்து உள்ளே இருப்பதைக் கூட்டி, சுற்றியுள்ள வளையத்தின் அளவைக் கழிக்க வேண்டும். 408 மெகாஹெர்ட்ஸிலிருந்து 3,000 ஜிகாஹெர்ட்ஸ் வரை ஒவ்வோர் அதிர்வெண்ணுக்கும் ஒரு புள்ளி என்று இருபது புள்ளிகள் அளவில் கிடைக்கும். அதில் பொருத்த வேண்டியவை எட்டு: ஃப்ரீ-ஃப்ரீக்கு ஒன்று, வெப்பத் தூசிக்கு அளவு, வெப்பநிலை, சாய்வெண் என மூன்று, பின்னணிக் கதிரின் ஏற்றத்தாழ்வுக்கு ஒன்று, மிகைக்கு உயரம், உச்ச அதிர்வெண், அகலம் என மூன்று. பைத்தானில் வான் வரைபடங்களைக் கையாளும் ஹீல்பை நூலகமும், பொருத்தும் மதிப்புகளையும் அவற்றின் பிழையையும் தேடித் தரும் ஒரு எம்.சி.எம்.சி. நிரலும் போதும். சாதாரண லேப்டாப் தாங்கும்; கோப்புகள் ஜிபி கணக்கில் இருப்பதால் இறக்குவதற்குத்தான் பொறுமை வேண்டும்.

எந்த மேகம் என்பது அடுத்த முடிவு. மூன்று பெயர்கள் அடிக்கடி வரும். கார்த்திகைக் கூட்டத்துக்கு நேர் வடக்கே 8 பாகையில் பெர்சியஸ் மேகம், சுமார் 1,000 ஒளியாண்டு. கேட்டைக்கு 3 பாகை வடக்கே ரோ ஓபியுகி, சுமார் 450 ஒளியாண்டு. மிருகசீரிடத்தின் தலைமை விண்மீனைச் சுற்றி லாம்ப்டா ஓரியோனிஸ் வளையம், சுமார் 1,300 ஒளியாண்டு.

முதல் இரண்டிலும் சிக்னல் மிகத் தெளிவு. 2011-இல் பிளாங்க் குழு சுழல் தூசிக்குச் சான்றாக முன்னே வைத்தது இந்த இரண்டைத்தான். ரோ ஓபியுகியில் ஃப்ரீ-ஃப்ரீ குறைவு என்பது கூடுதல் வசதி. ஆனால் 1 பாகைக் கூர்மையில் பார்த்தால் இரண்டுமே ஒரு புள்ளி, மிஞ்சினால் இரண்டு. ஒரு புள்ளியை வைத்து மிகை இருக்கிறது என்று காட்டலாம், எதோடு சேர்ந்து கூடிக் குறைகிறது என்று காட்ட முடியாது. நம் கேள்வி இரண்டாவது வகை.

லாம்ப்டா ஓரியோனிஸ் வளையத்தின் குறுக்களவு 10 பாகை. சுற்றளவில் முப்பது தனித்தனி இடங்கள் கிடைக்கும். நடுவே மிகச் சூடான ஓ வகை விண்மீன் ஒன்று, அதைச் சுற்றி அயனி வாயு, அதன் வெளி விளிம்பில் தூசி, இடையிடையே பர்னார்டு 30, 35 என்ற கருமேகங்கள். நடுவிலிருந்து வெளியே போகப் போக விண்மீன் ஒளியின் வலிமை படிப்படியாகக் குறைகிறது. இயற்கையே ஒரு சோதனைச்சாலையை அடுக்கி வைத்திருக்கிறது. 2021-இல் குயோட்டே, சி-பாஸ் என்ற இரண்டு வானொலி ஆய்வுத் திட்டங்களின் தரவுகளை வைத்து இந்த வளையத்தை ஆராய்ந்தபோது, மிகையின் உச்ச அதிர்வெண் அயனி வாயுவை ஒட்டிய பகுதியில் சுமார் 35 ஜிகாஹெர்ட்ஸும், வெளிப்பக்கம் சுமார் 21-உமாக இருந்தது. ஒரே பகுதிக்குள் இப்படி மாறுவதைக் கண்டது அதுவே முதல் முறை. எனக்கு இது இந்தத் துறையின் மிக அழகான முடிவுகளில் ஒன்று: துகளின் சுழற்சி அதன்மேல் விழும் ஒளிக்கு ஏற்பக் கூடிக் குறைவதை இங்கே பார்க்க முடிகிறது.

சுழல்வது எது என்ற வழக்கும் இந்த வளையத்தில்தான் சுவாரசியமாகிறது. 2016-இல் ஹென்ஸ்லி, டிரெய்ன், மைஸ்னர் மூவரும் முழு வானையும் எடுத்துப் பார்த்தார்கள். தூசிக்கு எவ்வளவு மிகை என்பதும், தூசியில் எவ்வளவு பி.ஏ.எச். என்பதும் சேர்ந்து மாறவில்லை. பி.ஏ.எச். குற்றவாளி அல்ல என்று அவர்கள் வாதிட்டார்கள். 2019-இல் ஏரன் பெல் குழு லாம்ப்டா ஓரியோனிஸை மட்டும் எடுத்து, ஜப்பானின் அகாரி செயற்கைக்கோளின் 9 மைக்ரோமீட்டர் வரைபடத்தோடு ஒப்பிட்டது. மொத்தத் தூசியைவிட பி.ஏ.எச். நிறையோடுதான் மிகை சற்றுக் கூடுதலாக ஒத்துப்போகிறது என்று சொன்னது. முழு வானம் ஒன்று சொல்ல, ஒரு வளையம் வேறொன்று சொல்கிறது. மாணவர் ஒருவர் நுழைய இதைவிட நல்ல வாசல் எனக்குத் தெரியவில்லை.

மற்ற வேட்பாளர்களையும் தள்ளிவிட முடியாது. நானோ அளவு சிலிக்கேட் துகள் என்று 2017-இல் ஹென்ஸ்லியும் டிரெய்னும் எழுதினார்கள். சாய்வு போதிய அளவு இருந்தால் அதுவே மிகை முழுவதையும் தரக்கூடும். 2018-இல் ஜேன் கிரீவ்ஸ் குழு மூன்று இளம் விண்மீன்களின் கோள் வட்டுகளில் இந்த மிகையைக் கண்டது. மூன்றிலும் நானோ வைரத்தின் அகச்சிவப்பு அடையாளம் இருந்தது. ஆனால் அந்த அடையாளம் பொதுவான மேகங்களில் காணக் கிடைப்பதில்லை, அதனால் அதை எல்லா இடத்துக்கும் நீட்டத் தயங்குகிறேன். இரும்பு கலந்த காந்தத் துகளின் வெப்ப அசைவு என்பது இன்னொரு விளக்கம். அதற்கு முனைவாக்கம் (அலை ஒரே திசையில் அதிர்வது) கூடுதலாகத் தெரிந்திருக்க வேண்டும் என்பது எளிய எதிர்பார்ப்பு. டபிள்யூ43 மேகத்தில் 17 ஜிகாஹெர்ட்ஸில் 0.39 சதவீதத்துக்கும் கீழே என்று 2017-இல் குயோட்டே வரம்பு வைத்த பிறகு அதன் பலம் குறைந்துவிட்டது. அந்தச் சின்ன சதவீதத்துக்கு வேறு மதிப்பும் உண்டு. பிரபஞ்சத்தின் முதல் நொடியின் ஈர்ப்பலைத் தடத்தைப் பின்னணிக் கதிரின் முனைவாக்கத்தில் தேடுகிறவர்களுக்கு, நடுவே நிற்கும் இந்தத் தூசி ஒரு சதவீதம் முனைவானால்கூட இடைஞ்சல்.

எனவே தலைப்பில் 'சுழல் தூசி' என்று எழுதுங்கள், 'சுழல் பி.ஏ.எச்.' என்று எழுத வேண்டாம். விடையை முன்கூட்டியே தலைப்பில் வைத்தால் வைவாவில் முதல் கேள்வியே அதில்தான் விழும்.

இந்த வழியிலும் குழிகள் உண்டு. மூன்றைக் கட்டாயம் தெரிந்திருக்க வேண்டும். தூசி அதிகமான இடத்தில் எல்லாமே அதிகம் என்பதால் எதை எதோடு ஒப்பிட்டாலும் ஒத்துப்போகும். மிகையையும், பி.ஏ.எச். இருப்பதைக் காட்டும் 12 மைக்ரோமீட்டர் ஒளியையும் தூசியின் அளவால் வகுத்த பிறகுதான் ஒப்பிட வேண்டும். அந்த 12 மைக்ரோமீட்டர் ஒளியும் பி.ஏ.எச். எண்ணிக்கையால் மட்டும் ஏறுவதில்லை. விண்மீன் ஒளி வலுத்தாலும் ஏறும், அதையும் வகுத்தாக வேண்டும்.

மூன்றாவது குழி எளிதில் கண்ணில் படாது. வைஸ் என்ற அகச்சிவப்புச் செயற்கைக்கோளின் 12 மைக்ரோமீட்டர் முழு வான் வரைபடம் பார்க்க மிகச் சுத்தமாக இருப்பதால் எல்லாரும் அதைத்தான் முதலில் எடுப்பார்கள். அதில் 2 பாகைக்கு மேற்பட்ட பெரிய அமைப்புகள் பிளாங்க்கின் 857 ஜிகாஹெர்ட்ஸ் வரைபடத்திலிருந்து நிரப்பப்பட்டவை. 10 பாகை வளையத்துக்கு அதைப் பயன்படுத்தி பிளாங்க் தூசியோடு ஒப்பிட்டால், பிளாங்க்கை பிளாங்க்கோடுதான் ஒப்பிடுகிறோம். பழைய ஐராஸ் செயற்கைக்கோளின் 12 மைக்ரோமீட்டர் வரைபடத்தை எடுங்கள். அதில் சூரியக் குடும்பத்துத் தூசியின் ஒளி கலந்திருக்கும். மிருகசீரிடம் சூரியப் பாதையிலிருந்து 13 பாகைதான் தள்ளி. அந்த ஒளி வழவழப்பாகப் பரந்திருப்பதால் சுற்று வளையத்தைக் கழிக்கும்போது பெரும்பகுதி போய்விடும்.

ஆக, கோடிங் ஓரளவு வரும் மாணவருக்கு நான் சொல்வது: பொது வரைபடம், லாம்ப்டா ஓரியோனிஸ். கோடிங் அறவே வராது, லேபில் கை நன்றாக ஓடும் என்பவருக்கு எஃப்.டி.ஐ.ஆர். வேலையை விரித்து, நாப்தலீன், ஆந்த்ரசீன், பைரீன் என்று வளையம் கூடக் கூட எந்த மேடு எங்கே நகர்கிறது என்று அளக்கச் சொல்வேன். தலைப்பில் நுண்ணலை என்ற சொல் வரக் கூடாது. இருவர் சேர்ந்து செய்ய அனுமதி இருந்தால் இரண்டையும் இணைக்கலாம். ஒருவர் தரும் அகச்சிவப்பு மேடுகளின் பட்டியல், மற்றவர் 12 மைக்ரோமீட்டர் பட்டைக்குள் என்னென்ன விழுகிறது என்று பார்க்க நேரடியாக உதவும்.

வளையத்தில் கை வைப்பதற்கு முன் பெர்சியஸை ஒரு முறை செய்து பாருங்கள். விடை தெரிந்த கணக்கு அது. உச்சி 25-க்கும் 30 ஜிகாஹெர்ட்ஸுக்கும் இடையே வர வேண்டும். வராவிட்டால் அலகு மாற்றத்திலோ, வரைபடங்களை ஒரே கூர்மைக்குக் கொண்டுவந்ததிலோ பிசகு இருக்கிறது. குயோட்டேயின் 11, 13 புள்ளிகளின் இரைச்சல் ஒன்றோடொன்று பிணைந்தது, 17, 19-உம் அப்படியே. அவற்றைத் தனித்தனி அளவீடுகளாக எண்ணிப் பிழையைக் குறைத்துக் காட்டியிருக்கிறோமா என்று அந்த இடத்திலேயே சரிபாருங்கள். தை பிறப்பதற்குள் பெர்சியஸ் சரியாக வந்துவிட்டால் மீதிச் செமஸ்டரில் முப்பது இடங்களையும் முடிக்கலாம்.